பெறுவதற்கு ஓர் ஆயத்தம்: உறுதிப்பூசுதலும் வட ஆற்காட்டுப் பங்குகளும்

ஞாயிறு திருப்பலியின் முடிவில் அறிவிப்புகள் வாசிக்கப்படும்போது, மறைமாவட்டத்தின் தலைவரான ஆயர் நம் பங்குக்கு வரும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டால், அந்த வாரமே கோயில் வளாகம் பரபரப்பாகிவிடும். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவரின் நெற்றியில் தைலம் பூசித் தூய ஆவியாரின் கொடையை அளிக்கும் உறுதிப்பூசுதலைப் பெற வேண்டிய பிள்ளைகளின் பட்டியல் எழுதப்படும்; கிளைக்கிராமங்களுக்கு, அங்கே செபமும் மறைக்கல்வியும் சொல்லித்தரும் உபதேசியார் வழியாகச் செய்தி போகும்; புதுத்துணிக்கும் விருந்துக்கும் வீடுகளில் கணக்குப் போடத் தொடங்குவார்கள்; பிள்ளைகளோ, "ஆயர் கேள்வி கேட்பாராமே" என்ற அச்சத்தோடு, கோடு போட்ட நோட்டில் தூய ஆவியாரின் ஏழு கொடைகளை எழுதி எழுதி மனப்பாடம் செய்வார்கள். வேலூர் மறைமாவட்டத்தின் ஒரு சிற்றூர்ப் பங்கில் சில ஆண்டுகள் மறைக்கல்வி கற்பித்தவன் நான். இந்தப் பரபரப்பில் உண்மையான பக்தி இருப்பதை அறிவேன். ஆனால் எதற்காக ஆயத்தம் செய்கிறோம் என்பது தெளிவாகாமல் போகும்போது, உறுதிப்பூசுதல் பல பிள்ளைகளுக்கு மறைக்கல்வியின் இறுதித் தேர்வாகவும், தேர்வு முடிந்தபின் கோயிலிலிருந்து கிடைக்கும் விடுப்பாகவும் ஆகிவிடுகிறது. இந்த அருளடையாளத்தின் வரலாற்றையும் சடங்கையும் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஆயத்தம் என்பதற்கு வேறொரு பொருள் புலப்படும்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்கலாம். நம் ஊர்களில் "புதுநன்மை வாங்கியாச்சு, உறுதிப்பூசுதல் இன்னும் வாங்கவில்லை" என்றுதான் பேசுவார்கள்; புதுநன்மை என்பது முதல்முறை நற்கருணை பெறுவது. அந்த "வாங்குதல்" என்ற வினை, பல விளக்க உரைகளைவிடத் துல்லியமானது. குழந்தைப் பருவத்தில் பெற்றோர் எடுத்த முடிவைப் பிள்ளை வளர்ந்தபின் தானே உறுதி செய்கிறது என்று உறுதிப்பூசுதலை விளக்குவது இன்று பரவலாக இருக்கிறது. கேட்பதற்கு நன்றாகவும் இருக்கிறது. ஆனால் 1992ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1308ஆம் எண்ணில், திருமுழுக்கின் அருள் இறைவன் தாமாகத் தேர்ந்து இலவசமாக அளிக்கும் அருள் என்றும், அது செயல்படுவதற்கு மனிதரின் ஒப்புதல் முத்திரை தேவையில்லை என்றும் தெளிவாகக் கூறுகிறது. உறுதி செய்பவர் இறைவன். உறுதி பெறுபவர் நாம். தூய ஆவியாரின் வல்லமையால் திருமுழுக்கின் அருள் ஆழப்பட்டு நிறைவு பெறுவதும், கிறிஸ்துவுக்குச் சான்று பகரும் ஆற்றல் தரப்படுவதும்தான் இங்கே நடப்பவை. அது அழியாத முத்திரை என்பதால் வாழ்நாளில் ஒருமுறைதான் தரப்படுகிறது. ஆகவே ஆயத்தம் என்பது தகுதியை நிரூபிப்பதற்கான உழைப்பு என்பதைவிட, வாங்கிக்கொள்வதற்குக் கையைத் திறந்து வைக்கும் பழக்கம் என்று கொள்வதே பொருத்தம்.

அப்படியானால் பிறந்த குழந்தைக்கே ஏன் தரக்கூடாது என்ற கேள்வி எழும். உண்மையில் தொடக்கத் திருச்சபையில் திருமுழுக்கு, தைலம் பூசுதல், நற்கருணை மூன்றும் ஒரே கொண்டாட்டத்தில், பெரும்பாலும் உயிர்ப்புப் பெருவிழாவின் முன்னிரவான பாஸ்கா இரவில், ஆயரின் தலைமையில் நடந்தன. திருச்சபை நகரங்களைத் தாண்டிச் சிற்றூர்களுக்குப் பரவியபோது, எல்லாத் திருமுழுக்குகளுக்கும் ஆயரே வர இயலாத நிலை உண்டாயிற்று. கிழக்குத் திருச்சபைகள் இந்தச் சிக்கலை ஒரு வகையில் தீர்த்தன: குருவே திருமுழுக்கோடு தைலத்தையும் பூசுவார், ஆனால் அந்தத் தைலம் திருச்சபைத் தலைவரோ ஆயரோ அர்ச்சித்ததாக இருக்கும். மேற்கில் இலத்தீன் திருச்சபை வேறு வகையில் தீர்த்தது: திருமுழுக்கைக் குரு உடனே கொடுப்பார், நெற்றியில் தைலம் பூசும் செயல் ஆயரின் வருகைக்காகக் காத்திருக்கும். சமாரியாவில் பிலிப்பு திருமுழுக்குக் கொடுத்த மக்களிடம் எருசலேமிலிருந்து பேதுருவும் யோவானும் சென்று கைகளை வைத்தபோது அவர்கள் தூய ஆவியைப் பெற்றார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூலின் 8ஆம் அதிகாரம் சொல்லும் நிகழ்ச்சியை இந்த வழக்கத்தின் வேராகத் திருச்சபை கருதுகிறது. காத்திருப்பு நீண்டதில் இரண்டு அருளடையாளங்களுக்கும் இடையே ஆண்டுகள் புகுந்தன. பின்னர் 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், ஏறத்தாழ ஏழு வயதிலேயே பிள்ளைகள் நற்கருணை பெறலாம் என்று பணித்தபோது, புதுநன்மை முன்னால் வந்து, பல நாடுகளில் உறுதிப்பூசுதல் அதற்குப் பின்னால் போயிற்று. வேலூர்ப் பிள்ளை மூன்றாவது நான்காவது வகுப்பில் புதுநன்மை வாங்கிவிட்டு, உயர்நிலைப் பள்ளி வயதுவரை உறுதிப்பூசுதலுக்குக் காத்திருப்பதன் பின்னணி இதுதான். இறையியல் கட்டாயத்தால் வந்த வரிசை அன்று. தூரமும் காலமும் சேர்ந்து உருவாக்கிய வரிசை.

தூரம் என்பது நம் பகுதிக்குப் புதிய செய்தி அன்று. 1952ஆம் ஆண்டில் தனி மறைமாவட்டமான வேலூர், பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பரப்பை உள்ளடக்கியது. இன்றைய நிர்வாகக் கணக்கில் வேலூர், திருவண்ணாமலை, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என நான்கு மாவட்டங்கள். அதற்கும் முந்தைய காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் வெளிநாட்டு மறைபணிச் சபையின் தாரஸ் அடிகள் சேத்துப்பட்டை மையமாகக் கொண்டு உழைத்தபோதும், 20ஆம் நூற்றாண்டில் சலேசியக் குருக்கள் இந்தப் பகுதியின் பணியை ஏற்றபோதும், சிற்றூர்களில் நாள்தோறும் செபம் சொல்லிக் கொடுத்துப் பிள்ளைகளை ஆயத்தம் செய்தவர்கள் உபதேசியார்கள். குரு மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஆயர் எப்போதாவது வருவார். உபதேசியார் அங்கேயே இருப்பார். இன்று சாலையும் வாகனமும் இருக்கின்றன, ஆனாலும் ஓர் ஆயர் இத்தனை பங்குகளுக்கும் ஆண்டுதோறும் வர முடியாது. 2020இல் ஆயர் சௌந்தரராஜ் பெரியநாயகம் மறைந்தபின், 2023இல் ஆயர் அம்புரோஸ் பிச்சைமுத்து பொறுப்பேற்கும்வரை வேலூரின் ஆயர் இருக்கை வெறுமையாக இருந்தது. கொரோனா ஊரடங்கும் அதே காலத்தில்தான் வந்தது. ஆயரின் வருகையை ஒட்டியே ஆயத்தத்தைத் தொடங்கும் பங்கில், ஆயத்தத்தின் கால அளவைத் தீர்மானிப்பது நாட்காட்டியாகிவிடுகிறது. ஈராண்டு நிதானமாக நடக்க வேண்டிய ஒன்று எட்டு வாரங்களில் அடைக்கப்படுவது இதனால்தான். நாள் குறிக்கப்படுவதற்கு முன்பே வகுப்பு ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆயர் வருகிற நாள் ஆயத்தத்தை முடித்துவைக்கலாம். அதைத் தொடங்கிவைக்கக் கூடாது.

சட்டம் கேட்பது மிகக் குறைவு என்பதைப் பலர் அறிவதில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 889ஆம் எண், பகுத்தறியும் பருவத்தை எட்டியவர் தக்க போதனை பெற்றவராகவும், நல்ல மனநிலை உடையவராகவும், திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்க வல்லவராகவும் இருக்க வேண்டும் என்கிறது. 891ஆம் எண், ஆயர் பேரவை வேறு வயதை வரையறுக்காதவரை பகுத்தறியும் பருவத்தையே அளவாக வைக்கிறது. சாவு ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு வயது ஒரு தடையே இல்லை, அந்த வேளையில் எந்தக் குருவும் உறுதிப்பூசுதல் கொடுக்கலாம். இத்தனை கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும் என்றோ, இத்தனை நாள் வருகைப் பதிவு வேண்டும் என்றோ பொதுச் சட்டம் சொல்வதில்லை. வகுப்புக்கு ஒழுங்கு தேவை, அதற்காகப் பங்குகள் விதிகள் வைக்கலாம். ஆனால் செங்கல் சூளைக்கோ அறுவடைக்கோ பெற்றோரோடு போய்விட்டதால் நான்கு வாரம் வராமல் போன பிள்ளையை, வருகைப் பதிவைக் காட்டி அடுத்த முறைக்குத் தள்ளும்போது, அந்த அடுத்த முறை எப்போது வரும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஆயத்தத்தில் முதல் வேலை திருமுழுக்குச் சான்றிதழைத் தேடி எடுப்பது. இதை எழுத்து வேலை என்று தள்ளிவிடுவார்கள். நானோ இதை வகுப்பின் முதல் பாடமாகவே கருதுகிறேன். ஏனெனில் இங்கேதான் பெயர் என்ற கேள்வி வருகிறது. வட ஆற்காட்டுச் சிற்றூர்களில் ஒரு பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவில் ஒரு பெயர், கோயில் பதிவேட்டில் ஒரு பெயர் என்று இருப்பது அரிதன்று. இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வேதனை இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் பிந்தைய திருத்தங்களும் இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவருக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதியை அளிப்பதால், தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் தம் பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் சான்றிதழில் ஒரு பெயரையும், மனத்தில் ஒரு பெயரையும் சுமக்க நேர்ந்தது. எந்தப் பெயர் பொய் என்று கேட்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநீதி. ஆனால் உறுதிப்பூசுதலின்போது ஆயர் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்துத்தான் தைலம் பூசுகிறார். திருமுழுக்கில் தனக்கு வைத்த பெயர் என்ன, அது யாருடைய பெயர், பாட்டியா தாத்தாவா எந்தப் புனிதரா, ஏன் அதைத் தேர்ந்தார்கள் என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் சொன்ன வாரத்தில்தான், பல வீடுகளில் முதன்முறையாக நம்பிக்கையைப் பற்றிய பேச்சே நடந்தது என்பதை நான் கண்டிருக்கிறேன். உறுதிப்பூசுதலுக்கெனப் புதுப்பெயர் ஒன்றைத் தேர்வது சில இடங்களில் வழக்கம், அது கட்டாயமன்று. திருமுழுக்குக்கும் இந்த நாளுக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் பழைய பெயரோடே நிற்பது நல்லது என்று தோன்றுகிறது.

அடுத்து ஏழு கொடைகள். ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம் என்று நம் பாட்டிமார் ஒரே மூச்சில் சொல்லுவார்கள்; இன்றைய விவிலியத் தமிழில் மெய்யுணர்வு, அறிவுரைத்திறன், ஆற்றல், நுண்மதி என்ற சொற்கள் வந்துவிட்டன. எசாயா 11ஆம் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் மூலமொழியில் இருப்பவை ஆறு. பழைய கிரேக்க, இலத்தீன் மொழிபெயர்ப்புகளின் வழியாக இறைப்பற்று சேர்ந்து ஏழாயிற்று. மனப்பாடத்தை நான் எதிர்க்கவில்லை. மனத்தில் படிந்த சொல் பின்னாளில் வேண்டிய வேளையில் எழுந்து வரும். ஆயினும் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையிடம் விமரிசை என்ற சொல்லை விட்டுவிட்டு வந்தால் அது நோட்டிலேயே தங்கிவிடும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஆம்பூரில் தோல் தொழிற்சாலை வேலைக்குப் போவதா, பாலிடெக்னிக் சேர்வதா என்று வீட்டில் விவாதம் நடக்கும் அந்த வயதில், யாரிடம் அறிவுரை கேட்பது, கேட்ட அறிவுரையை எப்படி எடைபோடுவது, அந்த முடிவுக்கு முன் எப்படிச் செபிப்பது என்று பேசினால், அந்தக் கொடை தனக்கு எதற்கு என்பது பிள்ளைக்குப் புரிகிறது. திடம் என்பதையும் அப்படித்தான்: ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் இடையே தகராறு வரும் நாளில் பொய்ச் சாட்சி சொல்லாமல் நிற்பதற்கு எது வேண்டுமோ அது திடம்.

கொடைகளைவிட முக்கியமானவர் கொடுப்பவர். பழைய செபங்களில் தூய ஆவியாரை "இஸ்பிரீத்து சாந்து" என்று போர்த்துக்கீசியச் சொல்லாலேயே அழைத்தார்கள். பிறகு பரிசுத்த ஆவி, தூய ஆவி என்றாகி, இன்று தூய ஆவியார் என்று மரியாதை விகுதியோடு வழங்குகிறோம். அந்த "ஆர்" விகுதி சிறியதாகத் தெரியலாம். ஆனால் ஆவி என்றதும் ஏதோ ஒரு சக்தி, ஒரு காற்று, சில வேளை பேய்பிசாசு என்றெல்லாம் எண்ணிக்கொள்ளும் பிள்ளைக்கு, அவர் ஓர் ஆள், பேசத்தக்கவர், செவிகொடுப்பவர் என்பதைத் தமிழ் இலக்கணமே கற்றுத் தருகிறது. எபேசு நகரில் பவுல் சந்தித்த சீடர்கள் தூய ஆவி என ஒன்று உண்டு என்பதையே கேள்விப்பட்டதில்லை என்றார்கள். நம் வகுப்புகளில் கேள்விப்படாதவர் எவரும் இல்லை. அவரோடு பேசிப் பழகியவர்தான் குறைவு. ஆயத்த மாதங்களில் ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஐந்து நிமிட அமைதியும், "தூய ஆவியாரே வாரும்" என்ற ஒற்றை வரியும் போதும். இதற்கு இணையான பாடம் எந்த வினா விடையிலும் இல்லை.

சடங்கை முன்கூட்டியே விளக்குவது அவசியம், ஏனெனில் அதன் ஒவ்வொரு செயலும் தானே ஒரு போதனை. நற்செய்தி வாசகத்துக்குப் பின் பிள்ளைகள் ஆயர் முன் நிறுத்தப்படுவார்கள். மறையுரை முடிந்ததும் எழுந்து திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்பார்கள். இந்தப் புதுப்பித்தலை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டின் திருவழிபாட்டு ஏட்டில் பரிந்துரைத்தது. பிறகு ஆயர் அனைவர் மீதும் கைகளை நீட்டி ஏழு கொடைகளுக்காக மன்றாடுவார். அதன்பின் வலக்கைப் பெருவிரலைக் கிறிஸ்மா தைலத்தில் தோய்த்து நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, தூய ஆவியார் என்னும் கொடையின் முத்திரையைப் பெற்றுக்கொள்ளுமாறு பெயர் சொல்லிக் கூறுவார். பிள்ளை "ஆமென்" என்று பதில் சொல்லும். 1971இல் திருத்தந்தை ஆறாம் பவுல் பைசாந்திய மரபிலிருந்து எடுத்து இலத்தீன் திருச்சபைக்கு வழங்கிய வாய்பாடு இது. அதற்கு முன் ஆயர் கன்னத்தில் மெல்லத் தட்டும் வழக்கம் இருந்தது. இன்றும் முதியவர்கள் "ஆயர் கன்னத்தில் அறைவார்" என்று பேரப்பிள்ளைகளை மிரட்டுவதன் காரணம் அதுவே; இப்போது அந்த இடத்தில் அமைதி வாழ்த்து மட்டுமே உண்டு.

தைலத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு விளக்க நான் சிரமப்பட்டதே இல்லை. பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தடவி உருவிவிட்டுக் குளிப்பாட்டுவதையும், மணமக்களுக்கு நலங்கு வைப்பதையும், வேலூர் வெயிலில் வெடித்த குதிகாலுக்கு அம்மா எண்ணெய் தேய்ப்பதையும் அறிந்த பிள்ளைகள் அவர்கள். ஒலிவ எண்ணெயில் நறுமணப் பிசின் கலந்த இந்தக் கிறிஸ்மாவை ஆயர் புனித வாரத்தில், மறைமாவட்டக் குருக்கள் சூழ, பேராலயத்தில் அர்ச்சிக்கிறார்; அங்கிருந்து அது சிறு குப்பிகளில் ஒவ்வொரு பங்குக்கும் போகிறது. திருமுழுக்கின்போது அந்தப் பிள்ளையின் உச்சியில் பூசப்பட்டதும் இதே கிறிஸ்மாதான். ஆயரின் அனுமதியோடு பங்குத்தந்தையே உறுதிப்பூசுதல் கொடுத்தாலும் தைலம் ஆயர் அர்ச்சித்ததாகவே இருக்க வேண்டும். தன் நெற்றியில் படும் எண்ணெய், திருப்பத்தூரிலும் ஆரணியிலும் செங்கத்திலும் பிற பிள்ளைகளின் நெற்றியில் படும் அதே எண்ணெய் என்று அறிவது, திருச்சபை என்ற சொல்லுக்கு நான் அறிந்த மிக எளிய விளக்கம்.

ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அருள்நிலையில் இருந்து பெற வேண்டும் என்பதால் முன்னதாகவே பாவசங்கீர்த்தனம் செய்வது முறை. ஆனால் அதை முந்தைய மாலையில், ஒத்திகைக்கும் பூ அலங்காரத்துக்கும் நடுவில், வரிசையில் தள்ளி முடிக்காமல், ஒரு வாரம் முன்பே அமைதியான ஒரு நாளில் வைக்கலாம்.

பிள்ளையின் நம்பிக்கை வாழ்வுக்குத் துணைநிற்கும் ஞானப்பெற்றோர் விஷயத்தில்தான் நம் பங்குகளில் பெரிய குறை இருக்கிறது. பிள்ளையின் தோளில் வலக்கையை வைத்து நிற்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் யாராவது ஒரு மாமாவையோ அத்தையையோ அழைத்து நிறுத்திவிடுகிறோம். சட்டப்படி அவர் பதினாறு வயது நிறைந்த, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்ற, நம்பிக்கைக்கு இசைய வாழும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பெற்ற தாயோ தந்தையோ அந்த இடத்தில் நிற்கக் கூடாது. திருமுழுக்கில் நின்றவரே நிற்பது விரும்பத்தக்கது என்று 893ஆம் எண் சொல்கிறது. பெங்களூரிலும் சென்னையிலும் வேலைக்குப் போய்விட்ட ஞானத்தந்தையைத் தேடிப் பிடித்து, "உன் பிள்ளைக்கு உறுதிப்பூசுதல், வந்து நில்லுப்பா" என்று பாட்டி தொலைபேசியில் கூப்பிடுவதே ஆயத்தத்தின் ஒரு பகுதி. வகுப்புகளில் இரண்டு மூன்றுக்காவது அவரும் பிள்ளையோடு உட்கார வேண்டும். ஆயத்தத்தின் பொறுப்பு பங்குச் சமூகத்துக்கே சிறப்பாக உரியது என்று மறைக்கல்வி நூல் சொல்வதை, பங்கின் சிறு குடும்பக் குழுக்களான அன்பியங்கள் கருத்தில் கொண்டால், ஒவ்வோர் அன்பியமும் தன் பகுதிப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி வாரந்தோறும் செபிக்கலாம்.

வேலூருக்கே உரிய இரண்டு குழப்பங்களையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். அமெரிக்க ஆற்காடு மிஷனின் காலத்திலிருந்தே இங்கு சீர்திருத்தச் சபையார் வலுவாக இருப்பதால், ஒரே குடும்பத்தில் கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் இருப்பது இயல்பு. அவர்களிடம் திடப்படுத்தல் என்ற ஆராதனை உண்டு. மரபாக, திடப்படுத்தல் பெற்றபின்தான் திருவிருந்தில் பங்கு கொள்வார்கள். பெயரும் பொருளும் நெருங்கியவை என்றாலும், கத்தோலிக்கத் திருச்சபை அவர்களின் திருமுழுக்கை ஏற்கிறது, திடப்படுத்தலை உறுதிப்பூசுதல் என்னும் அருளடையாளமாகக் கொள்வதில்லை. ஆகவே அங்கிருந்து கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்பவருக்கு மறுபடி திருமுழுக்குத் தருவதில்லை, உறுதிப்பூசுதல் தரப்படுகிறது. அவரைச் சேர்த்துக்கொள்ளும் குருவுக்கே சட்டம் அந்த அதிகாரத்தை அளிக்கிறது. மற்றொன்று, மருத்துவமனைப் பணிக்கும் படிப்புக்கும் வந்து தங்கிய மலையாளிக் குடும்பங்கள். கேரளக் கத்தோலிக்கரின் கிழக்கு மரபான சீரோ மலபார் முறையில் திருமுழுக்குப் பெற்ற குழந்தை அப்போதே தைலம் பூசப்பட்டிருக்கும். அந்தப் பிள்ளையை வகுப்புத் தோழர்களோடு வரிசையில் நிறுத்திவிடாமல் சான்றிதழைப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் இந்த முத்திரை இரண்டாம் முறை இடப்படுவதில்லை.

கொண்டாட்டத்துக்குப் பிந்தைய வாரங்களைப் பற்றித்தான் நாம் ஏறத்தாழ ஒன்றுமே யோசிப்பதில்லை. நான்காம் நூற்றாண்டு எருசலேமில், பாஸ்கா இரவில் திருமுழுக்கும் தைலமும் நற்கருணையும் பெற்றவர்களுக்கு, பெற்றவை என்ன என்ற விளக்கம் அதன்பின் வந்த வாரத்தில்தான் தரப்பட்டது. அந்நகர ஆயர் சிரில் பெயரால் வழங்கும் அந்த உரைகள் இன்றும் இருக்கின்றன. முதலில் பெற்றுக்கொள், பிறகு அதைப் புரிந்துகொள்ள வா என்பது அவர்களின் முறை. நாம் விளக்கம் எல்லாவற்றையும் முன்னால் கொட்டிவிட்டு, பெற்ற மறுநாளே வகுப்பை மூடிவிடுகிறோம். உறுதிப்பூசுதலுக்குப் பின் நான்கு ஞாயிறுகளாவது அதே பிள்ளைகளை அதே அறையில் கூட்டி, அன்று என்ன நடந்தது, எந்தச் சொல் மனத்தில் தங்கியது என்று அவர்களைப் பேசவைத்து, வாசகம் வாசிக்கவும், பாடற்குழுவில் சேரவும், அன்பியத்தில் முதியவர் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோகும் குருவோடு செல்லவும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்தால், விடுப்பு என்ற எண்ணம் எழ இடமிராது.

இடையில் விடுபட்டவர்களும் பலர். வகுப்பு நடந்த ஆண்டில் விடுதியில் படித்தவர்கள், ஊரடங்கில் தொடர்பு அறுந்தவர்கள், படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போனவர்கள். இவர்களுக்குப் பெரும்பாலும் திருமணப் பேச்சு எழும்போதுதான் நினைவு வருகிறது. பெரும் இடையூறு இல்லையெனில் திருமணத்துக்கு முன் உறுதிப்பூசுதல் பெற வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 1065ஆம் எண் சொல்வது உண்மைதான். ஆனால் கோயிலில் திருமண அறிவிப்பான ஓலை வாசிக்கும் மூன்று வாரங்களுக்குள் அவசரமாகப் பெறுவதைவிட, வேலைக்குச் சேர்ந்த ஊரின் பங்கிலோ விடுமுறைக்கு வரும் சொந்தப் பங்கிலோ முன்பே கேட்டுச் சேர்ந்துகொள்ளலாம். வயது கடந்துவிட்டது என்று கூச்சப்பட வேண்டாம். பெரியவர்களுக்கு வயதெல்லை எதுவும் இல்லை. எங்கே பெற்றாலும் அந்தச் செய்தி திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, பழைய பதிவேட்டில், அவருடைய பெயருக்கு நேரே, அதற்கென விடப்பட்ட கட்டத்தில் நாளும் இடமும் எழுதப்படும்.